நவம்பரில் முன்பணம், ஜனவரியில் பொருத்தல்: மேல்மாடி ஹீட் பம்புக்கு ஃபெடரல் டேக்ஸ் கிரெடிட் கிடைக்குமா?

மேல்மாடி
2026 பிப்ரவரி 7

அனைவருக்கும் வணக்கம். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1960களில் கட்டப்பட்ட இரண்டு மாடி வீடு ஒன்றில் குடியிருக்கிறோம். எண்ணெயில் எரியும் பழைய பாய்லரை எடுத்துவிட்டு ஹீட் பம்புக்கு (வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை இழுத்து வீட்டைச் சூடாக்கும் மின்கருவி) மாறுவதென்று சென்ற கோடையில் முடிவு செய்தோம். மூன்று கான்ட்ராக்டர்களிடம் விலை கேட்டு, நவம்பர் 14 அன்று அவர்களில் ஒருவருடன் ஒப்பந்தம் செய்து, மொத்தத்தில் பாதித் தொகையை அன்றைக்கே காசோலையாகக் கொடுத்துவிட்டோம். "ஃபெடரல் டேக்ஸ் கிரெடிட் (மத்திய அரசுக்குக் கட்டும் வரியிலிருந்து நேரடியாகக் கழியும் சலுகை) இந்த ஆண்டோடு முடிகிறது, ஆனால் நீங்கள் டிசம்பருக்குள் பணம் கட்டிவிட்டதால் உங்களுக்குக் கவலை இல்லை" என்று விற்பனைக்கு வந்தவர் உறுதியாகச் சொன்னார். அந்த உறுதி ஒப்பந்தத் தாளில் எங்கும் எழுதப்படவில்லை என்பதை இப்போதுதான் கவனிக்கிறேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். டிசம்பர் 18 அன்று மின் பேனலை 100 ஆம்பியரிலிருந்து 200 ஆம்பியருக்கு மாற்றினார்கள். பழைய பேனலில் ஹீட் பம்புக்கு இடமே இல்லை. டிசம்பர் 23 அன்று தரைத்தளத்து யூனிட் ஓடத் தொடங்கியது, அன்று இரவிலிருந்தே கீழ்வீடு முழுவதும் அதில்தான் சூடாகிறது. மேல்மாடிக்கான யூனிட் கிடங்கிலிருந்து வரத் தாமதமாகி, ஜனவரி 16 அன்றுதான் பொருத்தி முடித்தார்கள். நகராட்சி இன்ஸ்பெக்டர் ஜனவரி 21 அன்று வந்து எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்த்துக் கையெழுத்திட்டார். ஜனவரி 23 தேதியிட்டு 26,600 டாலருக்கு ஒரே இன்வாய்ஸ் வந்திருக்கிறது. கேட்டதற்குத் தரைத்தளம் 11,200, மேல்மாடி 12,400, பேனல் 3,000 என்று தொலைபேசியில் பிரித்துச் சொன்னார்கள். இதற்கு மாஸ் சேவ் என்ற இங்குள்ள ஆற்றல் சேமிப்புத் திட்டத்திலிருந்து ரிபேட்டாக, அதாவது செலவில் திரும்பக் கிடைக்கும் தொகையாக, ஏறக்குறைய 8,000 டாலர் வரும் என்று எதிர்பார்க்கிறோம், விண்ணப்பம் போயிருக்கிறது.

முன்பணம் 2025இல் கொடுத்ததால் முழு வேலைக்கும் கிரெடிட் கேட்கலாமா, அல்லது தரைத்தளத்துக்கு மட்டுமா, அல்லது இன்வாய்ஸ் ஜனவரியில் என்பதால் எதற்குமே இல்லையா? ரிபேட் தொகையைக் கழித்துவிட்டுத்தான் கணக்குப் போட வேண்டுமா? இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். "வேண்டுமானால் மேல்மாடிக்கு டிசம்பர் 30 என்று தனி இன்வாய்ஸ் போட்டுத் தருகிறோம்" என்று கான்ட்ராக்டர் தரப்பில் சொல்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. என் மனைவிக்கு அறவே பிடிக்கவில்லை.

கணக்கேடு
2026 பிப்ரவரி 7

வணக்கம். வரிப் படிவங்கள் தயாரிப்பது என் தொழில். இந்த ஒரு மாதத்தில் இதே கேள்வியோடு வந்தவர்கள் பலர் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் தேதி. உங்களுக்கு உரியது வருமான வரிச் சட்டத்தின் 25சி பிரிவு. 2022 ஆகஸ்ட் 16 அன்று கையெழுத்தான பணவீக்கக் குறைப்புச் சட்டம் இந்தக் கிரெடிட்டை 2032 முடியும் வரை நீட்டித்திருந்தது. 2025 ஜூலை 4 அன்று வந்த புதிய சட்டம் அதை ஏழு ஆண்டுகள் முன்னுக்கு இழுத்து 2025 டிசம்பர் 31உடன் முடித்துவிட்டது. எந்தச் செயல் அந்தத் தேதிக்குள் நடந்திருக்க வேண்டும் என்பதில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். ஒப்பந்தம் போட்ட நாளும் பணம் கொடுத்த நாளும் கணக்கில் வரா. கருவி வீட்டில் பொருத்தப்பட்டு, தன் வேலையைச் செய்யத் தயாராகிப் பயன்பாட்டுக்கு வந்த நாளைத்தான் சட்டம் கேட்கிறது. பணம் 2025இல் கொடுத்து, கருவி 2026இல் பயன்பாட்டுக்கு வந்தால் கிரெடிட் கிடையாது என்று அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ். சென்ற ஆகஸ்டிலேயே கேள்வி-பதில் வடிவில் தெளிவாக வெளியிட்டது. உங்களிடம் விற்பனைக்கு வந்தவர் சொன்னது தவறு. அறியாமல் சொன்னாரோ, அறிந்தே சொன்னாரோ, நவம்பர் மாதத்தில் அதைச் சொல்வதற்கு எந்த நியாயமும் இல்லை.

ஆகவே மேல்மாடி யூனிட்டுக்கு ஃபெடரல் கிரெடிட் இல்லை. உங்கள் 12,400 டாலரில் ஒரு டாலர்கூட, இந்தக் கிரெடிட்டைக் கோரும் 5695ஆம் படிவத்தில் ஏறக் கூடாது. அந்த டிசம்பர் 30 இன்வாய்ஸைத் தயவுசெய்து வாங்காதீர்கள். வரிப் படிவத்தின் அடியில் பொய்ச் சாட்சியத்துக்குரிய தண்டனையை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடுபவர்கள் நீங்களும் உங்கள் மனைவியும்தான். கான்ட்ராக்டர் அதில் கையெழுத்துப் போடுவதில்லை. நகராட்சியின் பெர்மிட் பதிவு, யூனிட் கிடங்கை விட்டுப் புறப்பட்ட தேதி, உற்பத்தியாளரிடம் வாரன்டிக்குப் பதிந்த தேதி ஆகிய மூன்றும் ஜனவரி என்று சொல்லும்போது ஒரு தாள் மட்டும் டிசம்பர் என்று சொன்னால், உங்களுக்கு நியாயமாகக் கிடைக்க வேண்டிய தரைத்தளத்துக் கிரெடிட்டும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

தரைத்தளம் உங்களுக்குச் சாதகமாக இருக்கிறது. அது தனி வெளி யூனிட், தனி உள் யூனிட்டுகள் கொண்ட தனி அமைப்பு என்றால், மேல்மாடி வரும்வரை காத்திருக்காமல் டிசம்பர் 23 முதல் வீட்டைச் சூடாக்கியிருக்கிறது. சட்டத்தின் சொற்கள் பயன்பாட்டுக்கு வருவதைப் பற்றிப் பேசுகின்றனவே தவிர, நகராட்சி இன்ஸ்பெக்டரின் கையெழுத்தையோ இன்வாய்ஸ் தேதியையோ நிபந்தனையாக வைக்கவில்லை. இருந்தாலும் இன்ஸ்பெக்‌ஷன் ஜனவரியில் நடந்திருப்பதால், டிசம்பரில் கருவி ஓடியது என்பதற்கான சான்றை நீங்கள்தான் கையில் வைத்திருக்க வேண்டும். பொருத்தியவர் ஓட்டிப் பார்த்து எழுதிய தொடக்கத் தாள், அந்த வாரத்து மின்கட்டண விவரம், தெர்மோஸ்டாட் செயலியில் பதிவாகியிருக்கும் ஓட்ட நேரம் ஆகியவற்றைச் சேகரித்து வையுங்கள். ஒரே இன்வாய்ஸைப் பிரித்து, ஒவ்வொரு அமைப்புக்கும் மாடல் எண், சீரியல் எண், விலை, உண்மையாகப் பொருத்தி ஓடவிட்ட தேதி ஆகியவற்றோடு எழுத்தில் வாங்குங்கள். தொலைபேசியில் சொன்ன பிரிப்பு போதாது.

இனிக் கணக்கு. ஹீட் பம்புக்குச் செலவில் 30 சதவீதம், ஆண்டுக்கு உச்சவரம்பு 2,000 டாலர். பொருத்தும் கூலியும் இந்தச் செலவில் சேரும். மின்நிறுவனங்களின் வழியாக வரும் ரிபேட்டைச் செலவிலிருந்து முதலில் கழித்துவிட வேண்டும், அது உங்கள் கைக்கு வந்தாலும் கான்ட்ராக்டருக்குப் போனாலும் ஒன்றுதான். மாஸ் சேவ் மின், எரிவாயு நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் திட்டம் என்பதால் உங்கள் 8,000 டாலரை நான் கழித்தே கணக்கிடுவேன். முழுத் தொகையையும் தரைத்தளத்தின் தலையில் ஏற்றினால் 11,200இல் 3,200தான் மிஞ்சும், கிரெடிட் 960 டாலராகச் சுருங்கிவிடும். ரிபேட் இரண்டு தளங்களுக்கும் சேர்த்து வருவதால் விலை விகிதப்படி பிரிப்பதுதான் நியாயம். அப்படிப் பிரித்தால் தரைத்தளத்தின் பங்கு ஏறக்குறைய 3,797, மீதிச் செலவு 7,403, அதில் 30 சதவீதம் 2,221. உச்சவரம்பு குறுக்கே வருவதால் உங்களுக்குக் கிடைப்பது 2,000 டாலர். ரிபேட் கடிதம் வரும்போது எந்த யூனிட்டுக்கு எவ்வளவு என்று அதிலேயே பிரித்திருந்தால், என் விகிதத்தை விட்டுவிட்டு அதையே பின்பற்றுங்கள்.

பேனலை மறந்துவிடாதீர்கள். பலர் மறக்கிறார்கள். 200 ஆம்பியர் அல்லது அதற்கு மேற்பட்ட பேனல், தகுதியுள்ள ஒரு ஹீட் பம்ப் பொருத்துவதற்கு வழி செய்யும் வகையில் அதனுடன் சேர்த்துப் பொருத்தப்பட்டால், அதற்கும் 30 சதவீதம் உண்டு, உச்சவரம்பு 600 டாலர். இது அந்த 2,000 டாலர் வரம்புக்குள் வராமல், இன்சுலேஷன் (வெப்பம் கசியாமல் அட்டிக்கிலும் சுவரிலும் நிரப்புவது), ஜன்னல் போன்றவற்றுக்கான 1,200 டாலர் வரம்புக்குள் வரும். டிசம்பர் 18 அன்று முடிந்ததால் 3,000 டாலரில் 900 வந்து, 600இல் நிற்கும்.

கடைசியாக ஒன்று. 2025ஆம் ஆண்டுக்கான படிவத்தில் உற்பத்தியாளருக்கு ஐ.ஆர்.எஸ். கொடுத்திருக்கும் நான்கு இலக்க அடையாளக் குறியீட்டை எழுத வேண்டும். முந்தைய ஆண்டுகளில் இது இல்லை. உற்பத்தியாளரின் இணையதளத்திலோ கான்ட்ராக்டரிடமோ கேட்டு வாங்கிவிடுங்கள். இந்தக் குறியீடு இல்லாமல் கிரெடிட்டைக் கோர முடியாது.

 

தென்கோடி
2026 பிப்ரவரி 8

கணக்கேடு அவர்கள் ஃபெடரல் கிரெடிட்டைப் பற்றி எழுதியது முழுவதும் பொருத்தப்பட்ட தேதியைச் சுற்றியது. ரிபேட்டுகளுக்கு வேறொரு தேதி இருக்கிறது என்பதை நான் பணம் இழந்து கற்றுக்கொண்டேன். இன்னும் பொருத்தாதவர்கள் படிப்பார்கள் என்பதற்காக எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது தெற்கத்திய மாநிலம் ஒன்றில். சென்ற ஆகஸ்டில், வெளியே தலை காட்ட முடியாத வெயிலில் எங்கள் ஏசி நின்றுவிட்டது. கைக்குழந்தையும் என் மாமியாரும் வீட்டில் இருந்ததால் மறுநாளே ஒரு கான்ட்ராக்டரை அழைத்து, 13,000 டாலருக்கு ஹீட் பம்ப் போட்டுவிட்டோம். 2022ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மாநிலங்கள் வழியாகக் கொடுக்கப்படும் ரிபேட் ஒன்று இருக்கிறது, ஹீட் பம்புக்கு மட்டும் 8,000 டாலர் வரை தருகிறார்கள் என்று அதன் பிறகுதான் ஒரு நண்பர் சொன்னார். வட்டாரத்தின் நடுநிலை வருமானத்தில் 80 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அந்த வரம்புக்குள் முழுச் செலவையும், 80 முதல் 150 சதவீதத்துக்குள் இருந்தால் பாதிச் செலவையும் தருவார்கள், அதற்கு மேலே என்றால் இல்லை. நாங்கள் இரண்டாவது வகை. 6,500 டாலர் கிடைத்திருக்கும்.

விண்ணப்பித்தேன். மறுத்துவிட்டார்கள். வேலை தொடங்குவதற்கு முன்பே விண்ணப்பித்து, வருமானச் சான்று காட்டி, ஒப்புதல் எண் வாங்கியிருக்க வேண்டும், பொருத்தியவரும் திட்டத்தில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும் என்பது விதி. ஏற்கெனவே பொருத்தியதற்குப் பின்தேதியிட்டுத் தர மாட்டார்கள். எங்கள் கான்ட்ராக்டர் அந்தப் பட்டியலிலேயே இல்லை. அவர் ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லியிருந்தால் இரண்டு மூன்று ஜன்னல் ஏசிகளை வைத்துச் சமாளித்து ஒரு மாதம் பொறுத்திருப்போம். அந்த ஆதங்கம் இன்னும் தீரவில்லை.

2025இல் வந்த சட்டம் 25சி கிரெடிட்டை முடித்ததே தவிர, இந்த ரிபேட் திட்டத்தை ரத்து செய்யவில்லை. ஆனால் இதை நடத்துவது மாநிலங்கள் என்பதால் ஒவ்வொரு மாநிலத்திலும் நிலைமை வேறு. தெற்கு டகோடா பணமே வேண்டாம் என்று ஒதுங்கிவிட்டது. நியூயார்க் 2024 மே மாதத்திலேயே முதலில் தொடங்கியது. சில இடங்களில் ஒதுக்கிய தொகை தீர்ந்ததும் புதிய விண்ணப்பங்களை நிறுத்துகிறார்கள். ஆகவே பாய்லரோ ஏசியோ வயதாகிவிட்டது என்று தெரிந்தவர்கள், அது நிற்கும்வரை காத்திராமல், இப்போதே மாநில ஆற்றல் அலுவலகத்தின் பக்கத்தைப் பார்த்து விண்ணப்பத்தைப் போட்டு வையுங்கள். ஹீட் பம்ப் தவிர பேனலுக்கு 4,000, மின்கம்பி வேலைக்கு 2,500, ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டருக்கு 1,750, இன்சுலேஷனுக்கும் காற்றுக்கசிவு அடைப்புக்கும் 1,600 என்று தனித்தனி வரம்புகள் உண்டு, ஒரு வீட்டுக்கு மொத்தம் 14,000 டாலர் வரை.

உறைபனி
2026 பிப்ரவரி 8

நான் ஹீட் பம்ப் பொருத்தும் தொழிலில் பதினைந்து ஆண்டுகளாக இருக்கிறேன். தாள்களைப் பற்றிக் கணக்கேடு ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும்.

மேல்மாடி நண்பரே, உங்கள் தரைத்தளத்து வெளி யூனிட்டின் பக்கவாட்டு மூடியைத் திறந்தால், பொருத்தியவர் ஒழுங்காக வேலை செய்பவர் என்றால், உள்பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். வேக்குவம் எந்த அளவுக்கு இறக்கினார், கூடுதலாக எத்தனை அவுன்ஸ் ரெஃப்ரிஜரன்ட் ஏற்றினார், உள் யூனிட்டிலிருந்து வெளிவந்த காற்றின் வெப்பம் என்ன என்பதை எழுதித் தேதியும் முதலெழுத்தும் போட்டிருப்பார். நாங்கள் பேனாவால் எழுதும் அந்த மூன்று வரிகள்தான் கருவி எந்த நாளில் உயிர்பெற்றது என்பதற்கு நேரடிச் சான்று. மின் ஆபத்து இருப்பதால் நீங்களே திறக்க வேண்டாம். கான்ட்ராக்டரை வரச்சொல்லி, பிரேக்கரை நிறுத்திவிட்டுத் திறக்கச் சொல்லிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதே நேரத்தில் வெளி யூனிட்டும் உள் யூனிட்டுகளும் சேர்ந்த ஜோடிக்கான ஏ.எச்.ஆர்.ஐ. (இத்தகைய கருவிகளின் செயல்திறனைச் சான்றளிக்கும் அமைப்பு) சான்றிதழ் எண்ணையும் கேளுங்கள். ஹீட் பம்பின் தகுதி வெளி யூனிட்டை மட்டும் வைத்துத் தீர்மானிக்கப்படுவதில்லை. ஒரே வெளி யூனிட் ஓர் உள் யூனிட்டோடு சேரும்போது தகுதி பெறும், வேறொன்றோடு சேரும்போது பெறாது. டேக்ஸ் கிரெடிட்டுக்கும் ரிபேட்டுக்கும் அந்தச் சான்றிதழில் இருக்கும் எண்கள்தான் அடிப்படை.

பனி விழும் மாநிலங்களில் இருப்பவர்களுக்குத் தொழில்காரனாக ஒரு வேண்டுகோள். டன் ஒன்றுக்கு இவ்வளவு என்று ரிபேட் கொடுக்கும் திட்டங்களில், பெரிய யூனிட் போட்டால் அதிகப் பணம் வரும் என்ற எண்ணம் வீட்டுக்காரருக்கும் வரும், விற்பவருக்கும் வரும். ஒரு டன் என்பது மணிக்கு 12,000 பி.டி.யு. (வெப்பத்தின் அலகு) தரும் திறன். வீட்டுக்குத் தேவை இரண்டரை டன் என்றால் நான்கு டன் போடுவதால் வீடு கூடுதலாகச் சூடாகப் போவதில்லை. மிதமான குளிர் நாட்களில் யூனிட் சில நிமிடங்கள் ஓடி நின்று, மறுபடி ஓடி நின்று, மின்சாரத்தையும் தின்று கம்ப்ரசரின் ஆயுளையும் குறைக்கும். அறை அறையாக அளந்து, ஜன்னல், இன்சுலேஷன், கசிவு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்து வெப்பத் தேவையைக் கணக்கிடும் மேனுவல் ஜே அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். அதைக் கேட்டவுடன் முகம் சுளிப்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். குளிர்ப்பகுதிக்கான எனர்ஜி ஸ்டார் (மின்சிக்கனக் கருவிகளுக்கான அரசு முத்திரை) தகுதி பெற்ற யூனிட் என்றால், வெளியே 5 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கும்போதும், அதாவது சுமார் மைனஸ் 15 டிகிரி செல்சியஸில், 47 டிகிரி ஃபாரன்ஹீட்டில் தரும் வெப்பத்தில் 70 சதவீதமாவது தர வேண்டும், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 1.75 யூனிட் வெப்பமாவது தர வேண்டும். இது விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வராது, அளவுத்தாளின் அட்டவணையில் இருக்கும்.

மாசசூசெட்ஸில் இருப்பதால் உங்களுக்கு இன்னொன்று. அங்கே ஹீட் பம்ப் வைத்திருக்கும் வீடுகளுக்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரை குறைந்த மின்கட்டண விகிதம் இருக்கிறது. உங்கள் கணக்கு அதற்கு மாற்றப்பட்டுவிட்டதா என்று பில்லில் பார்த்து, இல்லையென்றால் மின்நிறுவனத்தை அழைத்துப் பதிவு செய்யுங்கள். டேக்ஸ் கிரெடிட் ஒருமுறை வருவது. இது நீங்கள் அந்த வீட்டில் இருக்கும் ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் வருவது. மேல்மாடிக்குக் கிடைக்காமல் போன கிரெடிட்டை நினைத்து வருந்தும் நேரத்தில் இதை விட்டுவிடக் கூடாது.

மேல்மாடி
2026 பிப்ரவரி 9

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. டிசம்பர் 30 இன்வாய்ஸ் வேண்டாம் என்று இன்று காலையிலேயே மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். தரைத்தளமும் மேல்மாடியும் வெளியே தனித்தனி யூனிட்டுகள்தான், ஒன்றுக்கொன்று குழாய்த் தொடர்பு இல்லை.

இன்னும் இரண்டு ஐயங்கள். ஹீட் பம்புக்கு முன் அட்டிக்கில் இன்சுலேஷன் போட வேண்டும் என்று மாஸ் சேவ் தரப்பில் இலவசமாக வீட்டைச் சோதித்துச் சொன்னதால், அக்டோபரில் அதைச் செய்தோம். பெரும்பகுதியைத் திட்டமே கொடுத்தது, எங்கள் பங்கு 1,400 டாலர். இதற்கும், அந்தச் சோதனைக்கும் கிரெடிட் உண்டா? இரண்டாவது, எங்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் வரி ரீஃபண்ட்தான் வரும், கட்ட வேண்டியது ஒன்றும் இருக்காது. இந்தக் கிரெடிட் நாம் கட்ட வேண்டிய வரிக்கு மேல் கிடைக்காது என்று படித்தேன். அப்படியென்றால் ரீஃபண்ட் வாங்குபவர்களுக்கு இது கிடையாதா?

கணக்கேடு
2026 பிப்ரவரி 9

ரீஃபண்ட் வருவதற்கும் வரி இல்லை என்பதற்கும் தொடர்பு கிடையாது. இந்தக் குழப்பத்தாலேயே கிரெடிட்டைக் கோராமல் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், அது மிகவும் வருத்தமாக இருக்கும். உங்கள் சம்பளத்திலிருந்து ஆண்டு முழுவதும் பிடித்த தொகை, உங்கள் உண்மையான வரியைவிட அதிகமாக இருந்ததால்தான் ரீஃபண்ட் வருகிறது. நீங்கள் பார்க்க வேண்டியது அந்த ஆண்டுக்கு உங்கள் பேரில் கணக்கான மொத்த வரி. எடுத்துக்காட்டாக, மொத்த வரி 9,000 டாலர், பிடித்தது 10,500 என்றால் 1,500 ரீஃபண்ட் வரும். 2,600 டாலர் கிரெடிட் சேரும்போது வரி 6,400 ஆகக் குறைந்து, ரீஃபண்ட் 4,100 ஆக உயரும். மொத்த வரியே 1,800 டாலர்தான் என்றால் அந்த 1,800 வரைதான் கிரெடிட் வேலை செய்யும், மிச்சம் வீணாகும். 25சி பிரிவில் மிஞ்சியதை அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்ல வழியில்லை.

இன்சுலேஷனுக்கு உண்டு, ஆனால் ஹீட் பம்பைப் போல அல்ல. இன்சுலேஷன், ஜன்னல், கதவு ஆகியவற்றில் பொருளின் விலை மட்டுமே சேரும், போடும் கூலி சேராது. உங்கள் 1,400 டாலரில் பொருளுக்கானது எவ்வளவு என்று அந்த வேலையைச் செய்தவரிடம் எழுத்தில் கேளுங்கள். 560 டாலர் என்று வந்தால் 168 டாலர் கிரெடிட். பேனலுக்கான 600உடன் சேர்த்தாலும் 1,200 வரம்புக்குள்தான் இருக்கிறீர்கள். வீட்டுச் சோதனைக்கு 150 டாலர் வரை ஒரு கிரெடிட் இருந்தது உண்மை. ஆனால் உங்களுக்கு அது இலவசம் என்பதால் 30 சதவீதம் எடுக்க அங்கே செலவே இல்லை.

வீட்டை என்றாவது விற்கும்போது பயன்படும் ஒரு குறிப்பு. ஹீட் பம்புக்கும் பேனலுக்கும் நீங்கள் செலவழித்தது வீட்டின் அடக்க விலையில் (விற்கும்போது லாபத்தைக் கணக்கிட எடுக்கும் விலை) சேரும், ஆனால் ரிபேட்டாகவும் கிரெடிட்டாகவும் திரும்பி வந்ததைக் கழித்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். மேல்மாடிக்கு ஃபெடரல் கிரெடிட் கிடைக்காததால் அதன் செலவு ரிபேட்டை மட்டும் கழித்து அப்படியே சேரும். ஆகவே இந்த இன்வாய்ஸ்களை மூன்று ஆண்டுகளில் தூக்கிப் போடாமல், வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள்.

கிணற்றடி
2026 பிப்ரவரி 10

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நாங்கள் 2023 அக்டோபரில் ஹீட் பம்ப் போட்டோம். அந்த ஆண்டு வரிப் படிவத்தில் இதைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லை. காலம் கடந்துவிட்டதா? என் அண்ணன் வீட்டில் மண்ணுக்கடியில் குழாய் பதிக்கும் ஜியோதெர்மல் வேலை நடக்கிறது. சென்ற ஆண்டே கிணறு தோண்டிவிட்டார்கள், கருவி இன்னும் பொருத்தவில்லை. அவருக்கும் இதே விதியா?

கணக்கேடு
2026 பிப்ரவரி 10

உங்களுக்குக் காலம் இருக்கிறது, ஆனால் அதிகம் இல்லை. படிவம் தாக்கல் செய்த நாளிலிருந்து பொதுவாக மூன்று ஆண்டுகளுக்குள் 1040-எக்ஸ் படிவத்தில் திருத்தம் செய்து பணத்தைத் திரும்பக் கேட்கலாம். 2023ஆம் ஆண்டுப் படிவத்தை 2024 ஏப்ரல் கெடுவுக்குள் தாக்கல் செய்திருந்தால், 2027 ஏப்ரல் வரை வாய்ப்பு உண்டு. அப்போது நான்கு இலக்கக் குறியீடு தேவைப்படவில்லை. மாடல் அந்த ஆண்டின் தகுதி அளவை எட்டியதா என்பதை ஏ.எச்.ஆர்.ஐ. சான்றிதழை வைத்துப் பார்த்துவிட்டு 5695ஐ இணைத்து அனுப்புங்கள்.

அண்ணனின் ஜியோதெர்மல் வேறு பிரிவு, 25டி. அதற்கு 30 சதவீதம், டாலர் வரம்பு இல்லை, மிஞ்சியதை அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்லவும் முடிந்தது. ஆனால் அதையும் அதே சட்டம் 2025 டிசம்பர் 31உடன் முடித்துவிட்டது. கட்டி முடிந்த வீட்டில் செய்யும் வேலையில், பொருத்தல் முழுவதும் முடிந்த நாளில்தான் செலவு நடந்ததாக அந்தப் பிரிவு கருதுகிறது. கிணறு 2025இல் தோண்டியது உதவாது. இதை நேரில் சொல்வது கடினமாக இருக்கும் என்று தெரியும், ஏனென்றால் ஜியோதெர்மல் வேலையில் 30 சதவீதம் என்பது பெரிய தொகை. மாநில அரசும் மின்நிறுவனமும் கொடுக்கும் ஜியோதெர்மல் ரிபேட்டுகள் அவர் ஊரில் இருக்கின்றனவா என்று, கருவியைப் பொருத்தும் முன்பே, தென்கோடி அவர்கள் சொன்னதை மனத்தில் வைத்து, இந்த வாரமே கேட்கச் சொல்லுங்கள்.

மேல்மாடி
2026 பிப்ரவரி 14

இன்று கான்ட்ராக்டரின் ஆள் வந்தார். பிரேக்கரை நிறுத்திவிட்டு, பனியைத் தள்ளி, தரைத்தளத்து யூனிட்டின் மூடியைக் கழற்றினார். உறைபனி அவர்கள் சொன்னபடியே உள்பக்கம் ஒரு வெள்ளை ஸ்டிக்கர். நீல மையில் 12/23/25 என்ற தேதி, கீழே மூன்று எண்கள், ஓரத்தில் இரண்டு ஆங்கில எழுத்துகள். அந்த எழுத்துகள் தன்னுடையவைதான் என்று அவரே சொன்னார். அன்று மாலை இருட்டிவிட்டதால் என் மகள் கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றதை நினைவுபடுத்தினார். நான்கு படங்கள் எடுத்துக்கொண்டேன்.

பிரித்த இன்வாய்ஸ் நேற்றே வந்துவிட்டது. தரைத்தளத்துக்கு டிசம்பர் 23, பேனலுக்கு டிசம்பர் 18, மேல்மாடிக்கு ஜனவரி 16 என்று உள்ளது உள்ளபடி எழுதியிருக்கிறார்கள். உற்பத்தியாளரின் குறியீடும் ஏ.எச்.ஆர்.ஐ. எண்ணும் அதே தாளில் இருக்கின்றன. இன்சுலேஷன் போட்டவர்கள் பொருளுக்கு 610 டாலர் என்று பதில் அனுப்பியிருக்கிறார்கள், 183 டாலர் வரும். மின்பில்லைப் பார்த்தேன். நாங்கள் இன்னும் சாதாரண விகிதத்தில்தான் இருக்கிறோம். திங்கட்கிழமை அரசு விடுமுறை என்பதால் செவ்வாய்க்கிழமை காலையில் மின்நிறுவனத்தை அழைக்கிறேன். மாஸ் சேவ் கடிதம் வந்ததும் ரிபேட்டை எப்படிப் பிரித்திருக்கிறார்கள் என்பதை இங்கே எழுதுகிறேன், அதுவரை படிவத்தைத் தாக்கல் செய்யப் போவதில்லை. ஏப்ரல் 15க்குள் கடிதம் வராவிட்டால் கால நீட்டிப்பு கேட்டுக்கொள்ளலாம் என்றிருக்கிறேன்.